“ஜாதகம் சேரலை”ன்னு சொல்லி அனுப்பாதீங்க

காரைக்குடியில் ஜோசியம் பார்ப்பதுதான் எனக்குத் தொழில். என்னிடம் வருகிறவர்கள் பேசுவதை வெளியில் சொல்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. இங்கேயும் யாரையும் அடையாளம் காட்டப் போவதில்லை. ஆனால் தை முகூர்த்தத்துக்கு வரன் தேடுகிற இந்தச் சமயத்தில் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஒரு வரன் பிடிக்கவில்லை என்றால் நம் பக்கம் யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பெண் உயரம் போதவில்லை, வீட்டுப் பங்கில் வழக்கு நடக்கிறது, பையன் மனசில் வேறு யாரோ இருக்கிறார்கள். காரணம் எதுவானாலும் தரகர் மூலமாகப் போகிற பதில் ஒன்றுதான்: “ஜாதகம் சேரலையாம்.” நகரத்தார் வழக்கப்படி குலக்கோயிலும் அதன் உட்பிரிவும் பார்த்துச் சம்பந்தம் பண்ணுகிற ஊர் இது. இன்றைக்கு வேண்டாம் என்ற வீட்டாரை நாளைக்குப் பிள்ளையார்பட்டியிலோ குன்றக்குடியிலோ பார்த்தே தீருவோம். அதனால் மனத்தாங்கல் இல்லாமல் விலக இந்த ஒரு வார்த்தை போதும் என்று வைத்திருக்கிறோம்.

அந்த வார்த்தை போய் எங்கே தங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன், ஏனென்றால் கடைசியில் என் வீட்டு முன்கூடத்துக்கு, பட்டாலைக்குத்தான் வருகிறது. நாலைந்து இடத்தில் இதே பதிலைக் கேட்ட ஒரு தாயார், பெண்ணின் ஜாதக நகலைப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டு வந்து உட்காருவார். “எந்த இடத்துக்குக் குடுத்தாலும் சேரலைங்கிறாக தம்பி. எம் பொண்ணுக்கு என்ன தோஷம்னு பாருங்க.” ஜாதகத்தைப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இருக்காது. ஒவ்வொரு வீடும் நாகரிகம் கருதிச் சொன்ன பொய்யெல்லாம் சேர்ந்து அந்தப் பிள்ளை தலையில் தோஷமாக உட்கார்ந்திருக்கும். வயதோ இருபத்தெட்டு, முப்பது ஆகியிருக்கும். தன் ராசியே சரியில்லை என்று அவளே நம்பத் தொடங்கியிருப்பாள்.

பொருத்தம் என்பது இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையில் பார்ப்பது. தனியாக ஒருத்தருக்குப் பொருத்தம் இல்லை என்று சொல்ல சாஸ்திரத்தில் இடமே கிடையாது. ரஜ்ஜு என்கிற பொருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரங்களை உடம்பின் ஐந்து பாகமாகப் பிரித்துப் பார்ப்பது அது. 27 நட்சத்திரங்களில் சிரசு ரஜ்ஜுவுக்கு 3, கழுத்து, வயிறு, தொடை, பாதம் நான்குக்கும் ஆறாறு. இருவரும் ஒரே ரஜ்ஜுவில் விழுந்தால் கூடாது என்பது விதி. கணக்குப் போட்டால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த இரண்டு நட்சத்திரங்களில் ஏறக்குறைய ஐந்துக்கு ஒரு தரம் தட்டும், அதாவது பொருந்தாது. ரோகிணிக்கும் அஸ்தத்துக்கும் தட்டும், இரண்டும் கழுத்து. அதே ரோகிணிப் பெண்ணுக்கு உத்திரத்துப் பையன் வந்தால் ரஜ்ஜு தட்டாது. இதில் ரோகிணியின் குற்றம் என்ன இருக்கிறது?

செவ்வாய் கதை இன்னும் மோசம். பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசிதான் லக்னம். அதிலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12-ஆம் கட்டத்தில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறோம். பன்னிரண்டு கட்டத்தில் ஐந்து போய்விட்டது. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும்கூட எண்ணுகிறவர்களிடம் போனால் தப்பிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். செவ்வாய் சொந்த வீட்டில் ஆட்சியாகவோ பலம் மிகுந்த உச்ச வீட்டிலோ இருந்தாலும், கடக சிம்ம லக்னமானாலும் தோஷமில்லை என்று அதே சாஸ்திரம் விலக்கும் சொல்லியிருக்கிறது. விலக்கை விட்டுவிட்டுத் தோஷத்தை மட்டும் சொல்லுகிற ஜோசியர், வந்தவரைப் பரிகாரத்துக்கு அனுப்ப வழி பார்க்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன். வைத்தீஸ்வரன்கோயிலுக்கும் திருநாகேஸ்வரத்துக்கும் திருமணஞ்சேரிக்கும் சந்தோஷமாகப் போங்கள், சாமி கும்பிடுங்கள். இல்லாத குற்றத்துக்குத் தண்டம் கட்டுகிற மாதிரி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அலையாதீர்கள்.

மூல நட்சத்திரத்தையும் விடுவதில்லை. மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாதாம். நட்சத்திரத்தின் முதல் கால்பகுதியான முதல் பாதத்துக்குத்தான் அந்தப் பேச்சு என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம். நான்கு பாதத்தையும் சேர்த்து ஒரு முழு நாள் பிறந்த பெண்களை எல்லாம் ஒதுக்கி வைக்கிறோம்.

கட்டமே சரிதானா என்பது அடுத்த கேள்வி. நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் பிறக்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். 1987 முதல் 2006 வரை ஏப்ரல் முதல் ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அப்படித்தான். இப்போது வரன் பார்க்கிற வயதில் இருப்பவர்கள் பலர் அந்தக் காலத்தில் பிறந்தவர்கள். அந்த ஒரு மணியைக் கழிக்காமல் கணித்தால் லக்னமே மாறிப்போகலாம். மலேயாவில் பிறந்த அப்பச்சிமார் (அப்பாமார்) ஜாதகத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. அங்கே 1982 முதல்தான் கிரீன்விச் நேரத்தோடு எட்டு மணி கூட்டுகிற கணக்கு. அதற்கு முன் நெடுங்காலம் ஏழரை, ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ஒன்பது. பிறந்த ஊரைக் கேட்காமல், நகலில் இருக்கிற கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு “ஏழில் செவ்வாய்” என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

என் தொழில்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வந்த நகலின் ஓரத்தில் “செவ்”, “ரஜ்ஜு இல்லை” என்று பென்சிலால் குறித்துக் கொடுக்காதீர்கள். அந்தத் தாள் தரகர் கைக்குப் போகும், அங்கிருந்து தேவகோட்டைக்கும் புதுவயலுக்கும் போகும். அடுத்து வாங்குகிறவர் கட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் பென்சிலைத்தான் பார்ப்பார். குறிப்பதானால் உங்கள் நோட்டில் குறியுங்கள்.

அன்றைக்கு ஒரு ஆச்சி வந்திருந்தார். பொருத்தம் ஏழு இருக்கிறது என்றேன். அவருக்கு அந்தச் சம்பந்தத்தில் மனமில்லை. “நீங்க சேரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க தம்பி, நாங்க உங்க பேரச் சொல்லிக்கிறோம்” என்றார். “ஆச்சி, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. அந்தப் பிள்ளை ஜாதகத்து மேல பழி போட நமக்கு ரெண்டு பேருக்குமே உரிமை இல்ல” என்றேன். கோபித்துக்கொண்டுதான் போனார். தட்சணை வாங்கியிருக்கிறேனே என்று இதில் வளைந்து கொடுக்க முடியாது. எதிரில் உட்கார்ந்து காசு கொடுப்பவர் ஒருவர், ஜாதகம் வேறொருவருடையது. அந்த இன்னொருவர் அறையில் இல்லை என்பதாலேயே அவருக்காக நான்தான் பேசியாக வேண்டும்.

வரனை விலக்க வேண்டுமென்றால் “எங்களுக்குத் தோதுப்படலை” என்று சொல்லுங்கள், போதும். மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். உண்மையிலேயே பொருத்தம் தட்டினால் இன்ன பொருத்தம் தட்டுகிறது என்று பெயர் சொல்லி அனுப்புங்கள். பெண் வீட்டாரும் கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம். அப்படி யாராவது ரஜ்ஜு என்றோ, வேதை என்கிற இன்னொரு பொருத்தம் என்றோ சொல்லி அனுப்பினால், இரண்டு நட்சத்திரத்தையும் எனக்குச் செய்தியில் போடுங்கள். சரிபார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு வேண்டாம்.