குழாயடியில் நடந்தது அற்புதம் இல்லைங்க

"தி மிராக்கிள் வொர்க்கர்" படத்தில், பார்வையும் கேள்வியும் இல்லாத சிறுமி ஹெலன் கெல்லருக்கு 'வாட்டர்' என்ற சொல்லின் பொருள் விளங்கும் அந்தக் குழாயடிக் காட்சியை மட்டும் வெட்டி, வயலினை ஒட்டி, "ஒரே நொடியில் அற்புதம்" என்று சுற்றில் விட்டிருக்கிறீர்கள். ஒரு நொடி இல்லை என்று கீழே எழுதியதற்கு "ரசனை கெட்ட ஜென்மம்" என்று பட்டம் வேறு. வாங்கிக்கொண்டேன். ஆனாலும் ஒரு நொடி இல்லை.

ஆசிரியை ஆனி சல்லிவன் அமெரிக்காவின் அலபாமாவில் ஹெலன் வீட்டுக்கு வந்தது 1887 மார்ச் 3. குழாயடி, ஏப்ரல் 5. நடுவில் 33 நாள்!

"உள்ளங்கையில் எழுதிக் காட்டினாராமே?" எழுதவில்லை ஐயா. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விரல் வடிவம். அதைக் குழந்தையின் கைக்குள் வைத்து வைத்து எடுக்க வேண்டும். 'வாட்டர்' சொல்லிப் பாருங்கள். மூன்று விரல் நீட்டினால் டபிள்யூ. முஷ்டிக்குப் பக்கத்தில் கட்டைவிரல், ஏ. அதையே ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையில் நுழைத்தால் டி. நாலு விரலும் மடங்கிக் கட்டைவிரலில் உட்கார்ந்தால் ஈ. இரண்டு விரலைப் பின்னினால் ஆர். நடுவில் வரும் மூன்றும் முஷ்டிதான். தடவுகிற கைக்குக் கட்டைவிரல் எங்கே என்பதுதான் துப்பு. அவள் இறுக்கிப் பிடித்தால் உங்கள் விரலே அசையாது.

விரலாட்டத்தை ஹெலன் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். சிக்கல் பொருளில். குவளை, பால் இரண்டும் அவளுக்குக் குழம்பின. அதனால்தான் ஆனி ஒரு கையில் குவளையைப் பிடிக்கவைத்து, நீரைப் பொங்கி வழியவிட்டு, மறு கையில் எழுத்தைச் சொன்னார். பாத்திரம் வேறு, உள்ளே இருப்பது வேறு. இது அற்புதமா, பாடத் திட்டமா?

"சினிமாதானே, விடேன்" என்பீர்கள். 1962இல் வந்த அந்தப் படத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. சாப்பாட்டு அறைச் சண்டை ஏறத்தாழ ஒன்பது நிமிடம். ஆனியாக நடித்த ஆன் பான்கிராஃப்டும் ஹெலனாக நடித்த பேட்டி டியூக்கும் உடைக்குள் பஞ்சுத்திண்டு கட்டிக்கொண்டு புரண்டார்கள். இருவருக்கும் ஆஸ்கர். அதை ஏன் ஒருத்தரும் வெட்டிப் போடவில்லை? கரண்டி பறப்பதற்கு வயலின் ஒத்துவராதோ!

"ஊக்கம் தருதே" என்பவர்களுக்கு: தரட்டும். அப்போது ஆனிக்கு வயது 20. அவருக்கே பார்வை அரைகுறை. டூக்ஸ்பரி ஏழைகள் விடுதியில் தம்பியைப் பறிகொடுத்தவர். அவர் விரல் நோக உழைத்ததை அற்புதம் என்று மேலே இருப்பவர் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

அன்று காலையில்தான் எரிச்சலில் ஹெலன் புதுப் பொம்மையைத் தரையில் அடித்து உடைத்திருந்தாள். வருத்தமே இல்லை. குழாயடியிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் துண்டுகளைத் தடவித் தேடி ஒட்டவைக்கப் பார்த்தாள். ஒட்டவில்லை, அழுதாள். உங்கள் க்ளிப் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.