விமானம் இறங்கிய தரையைப் பற்றியும் பேசுவோம்

விமான நிலையம் அல்லாத ஓர் இடத்தில் விமானம் ஒன்று இறங்கி, உள்ளே இருந்தவர்கள் அனைவரும் உயிரோடு வெளியே வந்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், நாம் விமானியைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். கும்பிட வேண்டியவர்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நெடுஞ்சாலைத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி, சாலை ஆய்வாளராக ஓய்வு பெற்ற எனக்கு, அத்தகைய படங்களைப் பார்த்தவுடன் முதலில் கண் போவது தரையின் மேல்தான். அந்தத் தரை எப்படி இருந்தது, அதை யார் அப்படி வைத்திருந்தார்கள், விமானம் நின்றவுடன் அங்கே யார் ஓடி வந்தார்கள் என்ற கேள்விகளை நாம் போதுமான அளவு கேட்பதில்லை என்பது என் நெடுநாளைய வருத்தம்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது ரஷ்யாவின் வடக்கே, கோமி குடியரசில் உள்ள இஷ்மா என்ற சிற்றூரை. 2010 செப்டம்பர் 7 அன்று, யாகூத்தியாவின் போல்யார்னியிலிருந்து மாஸ்கோவுக்குப் புறப்பட்ட டூபோலெவ் 154 விமானத்தில் 72 பயணிகளும் 9 பணிக்குழுவினரும் இருந்தார்கள். 10,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது விமானத்தில் மின்சாரம் முழுவதுமாக அற்றுப்போனது. வழிகாட்டும் கருவிகள் போயின. வானொலித் தொடர்பும் போயிற்று. இறக்கைத் தொட்டிகளில் எரிபொருள் இருந்தும், அதை எஞ்சின்களுக்கு ஊட்டும் நடுத் தொட்டிக்கு ஏற்றுகிற மின்பம்புகள் நின்றுவிட்டன. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் மோட்டாருக்குக் கரண்ட் இல்லாமல் மாடித் தொட்டி வற்றிக்கொண்டே வருவதைப் போன்ற நிலை அது. நடுத் தொட்டியில் மிச்சமிருந்தது ஏறத்தாழ அரை மணி நேரப் பறப்புக்கு மட்டுமே போதுமானது. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுபோல, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரை வைத்துப் பார்த்தார்கள் என்று அப்போது செய்திகளில் வந்தது.

மேகத்துக்குக் கீழே இறங்கி, காடும் சதுப்பும் நிறைந்த அந்தப் பரப்பில் கண்ணால் தேடியபோதுதான் கான்கிரீட் பட்டை ஒன்று தென்பட்டது. இஷ்மாவின் பழைய ஓடுதளம் அது. நீளம் 1,325 மீட்டர். அந்த வகை விமானத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். அதுவும் இறக்கையின் பின்விளிம்பில் விரியும் ஃபிளாப்புகள் வேலை செய்தால்தான். அன்று அவை விரியவில்லை என்பதால் வழக்கத்தைவிட மிக அதிக வேகத்தில்தான் இறங்க முடியும் என்ற நிலை. இருமுறை தாழப் பறந்து பார்த்துவிட்டு, மூன்றாம் முறை விமானி யெவ்கெனி நோவோசியோலோவும் துணை விமானி அந்திரெய் லமானோவும் சக்கரங்களைத் தரையில் பதித்தார்கள். விமானம் ஓடுதளத்தைத் தாண்டி, 100 மீட்டருக்கு மேல் இளமரக் காட்டுக்குள் புகுந்து நின்றது. 81 பேரும் தங்கள் காலால் நடந்து இறங்கினார்கள்.

இனி நான் சொல்ல வந்த மனிதரிடம் வருகிறேன். அவர் பெயர் செர்கெய் சோத்னிகோவ். இஷ்மா விமான நிலையம் இயங்கிய காலத்தில் அதன் பொறுப்பாளராக இருந்தவர். விமானங்கள் வருவது நின்று, அந்த இடம் ஹெலிகாப்டர்கள் மட்டும் இறங்கும் தளமாகச் சுருங்கிய பிறகும் அங்கேயே பணியில் நீடித்தார். அவருடைய வேலை ஹெலிகாப்டர் தளத்தைக் கவனிப்பது. பழைய ஓடுதளத்தைக் காக்கும்படி அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. அதற்கென்று சம்பளத்தில் ஒரு காசும் கூடவில்லை. ஆனாலும் சுமார் 12 ஆண்டுகள் அந்த ஓடுதளத்தில் புதர் முளைக்காமல், யாரும் வண்டிகளை நிறுத்தாமல், மரக்கட்டைகளை அடுக்காமல் பார்த்துக்கொண்டார்.

12 ஆண்டுகள் என்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது சாலைப் பணியில் இருந்தவர்களுக்குத் தெரியும். புழக்கத்தில் இருக்கிற சாலையை வண்டிச் சக்கரங்களே பாதி காப்பாற்றிக் கொடுத்துவிடும். புழக்கம் நின்ற சாலைக்குத்தான் ஆள் அதிகம் தேவை. புறவழிச்சாலை வந்ததால் கைவிடப்பட்ட பழைய சாலைத் துண்டு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. முதல் மழைக்காலம் முடிந்தபோது தார் வெடிப்பில் மண் சேர்ந்து அறுகு பிடித்திருந்தது. இரண்டாம் மழைக்குப் பிறகு அதே வெடிப்பில் சீமைக் கருவேலங்கன்று விரல் தடிமனுக்கு நின்றது. இரண்டு விரலால் பிடுங்கியபோது தண்டு மட்டும் கையோடு வந்தது, வேர் உள்ளேயே தங்கிவிட்டது. மூன்றாம் ஆண்டில் அந்த வேர் தாரைத் தோசையைத் திருப்புவதுபோல மேலே தூக்கிவிட்டது. அதற்குள் ஊர்க்காரர்கள் ஒரு பக்கம் சோளம் காயப்போட்டு அதைக் களமாக்கியிருந்தார்கள். மறுபக்கம் இரண்டு லாரிகள் நிரந்தரமாக நின்றன. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆளில்லாமல் சமதளம் கிடந்தால் அதற்கு ஏதாவது ஒரு பயன் வந்து சேரத்தான் செய்யும். அத்தகைய துண்டு ஒன்றை 12 ஆண்டுகள் சுத்தமாக வைத்திருந்தார் ஒருவர் என்றால், அவர் எத்தனை பேரிடம் எத்தனை முறை தன்மையாகவும் கண்டிப்பாகவும் பேசியிருக்க வேண்டும் என்பதை என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது.

விமானிகள் இருவருக்கும் ரஷ்யாவின் மிக உயர்ந்த வீர விருதான ‘ரஷ்யக் கூட்டமைப்பின் வீரர்’ பட்டம் வழங்கப்பட்டது. அது முற்றிலும் பொருத்தமானது. சோத்னிகோவுக்கும் பின்னர் அரசுப் பதக்கம் ஒன்று கிடைத்தது. அந்தப் ‘பின்னர்’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது.

தரை ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள நியூ ஹோப் சாட்சி. 1977 ஏப்ரல் 4 அன்று சதர்ன் ஏர்வேஸ் நிறுவனத்தின் டிசி-9 விமானம் கடும் புயல்மழையில் சிக்கி, ஆலங்கட்டியையும் மழைநீரையும் விழுங்கிய இரண்டு எஞ்சின்களும் செயலிழந்தன. விமானிகள் வேறு வழியின்றி ஒரு நாட்டுப்புற நெடுஞ்சாலையைத் தேர்ந்தெடுத்து, அதன் மீதே விமானத்தை இறக்கினார்கள். சாலையைப் பிடித்த வரையில் அவர்கள் செய்தது அசாத்தியமான காரியம். ஆனால் அந்த விமானத்தின் இறக்கைகளின் அகலம் முனைக்கு முனை ஏறத்தாழ 28 மீட்டர். இருவழிச் சாலையின் அகலம் நம் கணக்கில் 7 மீட்டர். மிச்சமுள்ள 21 மீட்டருக்குள் சாலையோரம் என்னென்ன இருக்குமோ அவையெல்லாம் அங்கும் இருந்தன: மரங்கள், கம்பங்கள், ஒரு பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த மளிகைக் கடை. இறக்கைகள் அவற்றில் மோதி விமானம் சிதறித் தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 85 பேரில் விமானிகள் இருவர் உட்பட 63 பேரும், தரையில் இருந்த 9 பேரும் உயிரிழந்தார்கள். அந்த விமானிகளின் திறமை இஷ்மா விமானிகளுடையதைவிடக் குறைந்தது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கிடைத்த தரை அப்படி.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் கதையை எல்லோரும் அறிவார்கள். பறவைகள் மோதியதிலிருந்து நீரைத் தொட்டது வரை மூன்றரை நிமிடம்தான். அதை ஓட்டிய விமானி சல்லன்பெர்கரின் பெயர் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 155 பேரும் பிழைத்ததற்கான காரணங்களைச் சொன்னபோது, விமானிகளின் முடிவுகளோடு பணிப்பெண்களின் செயல்பாட்டையும், அந்தப் பாதைக்குக் கட்டாயம் இல்லாதபோதும் விமானத்தில் இருந்த, சறுக்கி இறங்கவும் நீரில் மிதக்கவும் உதவும் மிதவைச் சறுக்குகளையும், அருகிலேயே இருந்த மீட்புப் படகுகளையும் சேர்த்தே சொன்னது. உறைபனிக் குளிரில் இறக்கையின் மேல் நின்றவர்களை நோக்கி முதல் பயணிகள் படகு நான்கு நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தது. அந்தப் படகோட்டிகளில் ஒருவரின் பெயரையாவது நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நம் பக்கத்திலேயே ஒரு நிகழ்வு உண்டு. 1993 நவம்பர் 15 அன்று சென்னையிலிருந்து ஹைதராபாத் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ-300 விமானம், அங்கே பார்வைத் தெளிவு இல்லாததால் இறங்க முடியாமல் திரும்பியது. ஃபிளாப்புகள் முழுவதும் மடங்காமல் சிக்கிக்கொண்டதால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகி, சென்னை வரும் முன்பே தீர்ந்து, திருப்பதி அருகே ஒரு நெல்வயலில் இறங்கியது. விமானத்தில் இருந்த 262 பேரில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. 2019 ஆகஸ்டில் மாஸ்கோவை அடுத்த மக்காச்சோளக் காட்டில் 233 பேருடன் ஒரு விமானம் சக்கரங்களை இறக்காமலே வயிற்றால் சறுக்கி நின்றதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். சேற்றுழவில் டிராக்டரின் முன்சக்கரம் புதைந்து வண்டி குப்புறத் தூக்குவதைப் பார்த்தவர்களுக்கு, இளகிய நிலத்தில் சக்கரம் ஏன் ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை.

எப்போதோ ஒருமுறை நடப்பதற்காக நிலத்தையும் பணத்தையும் முடக்குவதா என்று கேட்பவர்கள் உண்டு. வயலையெல்லாம் விமானத்துக்காக ஒதுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே போடப்பட்ட தளத்தைக் கெடாமல் வைத்திருக்கும்படிதான் கேட்கிறேன். ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் தேசிய நெடுஞ்சாலையின் 3 கிலோமீட்டர் துண்டு ஒன்று 2021 செப்டம்பரில் விமானப் படையின் அவசரத் தரையிறக்கத்துக்காகத் திறக்கப்பட்டது. நம் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையிலேயே, ஆந்திரத்தின் பாபட்லா மாவட்டத்தில் அத்தகைய துண்டு ஒன்று இருக்கிறது. 2024 மார்ச்சில் விமானப் படை அங்கே ஒத்திகை பார்த்தது. இவை படை விமானங்களுக்கானவை என்றாலும், இவற்றைக் கட்டிய செலவைப் பற்றி வந்த செய்திகளில் பத்தில் ஒரு பங்குகூட இவற்றின் பராமரிப்பைப் பற்றி வரவில்லை. ஒத்திகை இல்லாத மாதங்களில் அந்தத் துண்டின் ஓரத்தில் முளைக்கிற கன்றைப் பிடுங்குவதற்கு, பெயரும் பொறுப்பும் சம்பளமும் உள்ள ஒரு சாலைப் பணியாளர் வேண்டும். அந்தப் பணியிடம் நிரந்தரமானதாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் காணாமல் போகிற ஆளை நம்பி இதை விட முடியாது.

இஷ்மாவில் காட்டுக்குள் புகுந்து நின்ற அந்த விமானம் கைவிடப்படவில்லை. அங்கேயே பழுது பார்த்து, 2011 மார்ச்சில், அந்த வடக்கில் பனி இன்னும் விலகாத மாதத்தில், அதே 1,325 மீட்டர் ஓடுதளத்தில் ஓடவிட்டு மேலே எழுப்பிக் கொண்டுபோனார்கள்.