அம்பேத்கரும் கொலம்பியா பட்டியலும்

'உலக அறிஞர்கள் 100 பேரைக் கொலம்பியா பல்கலைக்கழகம் வரிசைப்படுத்தியது, முதலிடம் அம்பேத்கருக்கு' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு. 2004இல் தன் 250ஆம் ஆண்டு விழாவுக்காக அந்தப் பல்கலைக்கழகம் வெளியிட்டது, அங்கு படித்தவர்கள், பணியாற்றியவர்களின் பட்டியல். அதில் அம்பேத்கர் பெயர் உண்டு. முதலிடம், இரண்டாமிடம் என்ற தரவரிசை கிடையாது.

சரி, அவர் அங்கே உண்மையில் என்ன செய்தார்? பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல், 22 வயதில் நியூயார்க் போனார். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள் எடுத்தார்; வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல் எல்லாம் தனி. 1915இல் எம்.ஏ., 1927இல் பிஎச்.டி. இதைப் பகிருங்கள். அங்குள்ள லேமன் நூலகத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இன்றும் இருக்கிறது.