ரஷ்யாவில் யாரும் கால இயந்திரம் செய்யவில்லை

"ரஷ்ய விஞ்ஞானிகள் காலத்தைத் திருப்பிவிட்டார்கள், இனிக் கடந்த காலத்துக்குப் போகலாம்" என்ற செய்தி திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது பொய். இதை நம்பி, திருக்கடலூரில் ஒரு அம்மா "அப்ப 2004 டிசம்பர் 25க்குப் போகலாமா தம்பி?" என்று, சுனாமிக்கு முந்தைய நாளைச் சொல்லிக் கேட்டார், அதனால்தான் எழுதுகிறேன்.

2019 மார்ச்சில் ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். ஆனால் அதில் யாரும் எங்கேயும் போகவில்லை. ஐபிஎம் குவாண்டம் கணினியில் இரண்டு கியூபிட்டுகளின் (அந்தக் கணினி தகவலை வைக்கும் மிகச் சிறிய அலகுகள்) நிலையைக் குலையவிட்டு, அப்புறம் ஒரு நிரலால் பழைய நிலைக்குத் திருப்பினார்கள், அது ஏறக்குறைய 85 சதவீதம் சரிவந்தது, மூன்று கியூபிட் ஆனதும் 50 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கலைந்த சீட்டுக்கட்டை மறுபடி அடுக்கினால் நேற்று திரும்பி வராது, அதுபோலத்தான் இதுவும். ஆய்வுகூடத்துச் சுவர்க்கடிகாரம் அப்போதும் முன்னோக்கித்தான் ஓடியது.

சரி, வேகமாகப் போனால் நேரம் மெதுவாகும் என்று ஐன்ஸ்டீன் சொன்னது? அது உண்மை. 1971இல் அணுக்கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிப் பார்த்தார்கள், வித்தியாசம் நனோ செக்கன் (ஒரு செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் வந்தது. கடந்த காலத்துக்குப் போகும் பாதை ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளுக்கு 1949இல் கணிதவியலாளர் கேர்ட் கோடல் கண்ட தீர்வு போன்றவற்றில், தாளில் மட்டும்தான் இருக்கிறது.