தலைப்போட நின்னுட்டாங்க

குழந்தைகள் மேல ஈர்ப்பு இருக்கு, ஆனா எந்தக் குழந்தையையும் தொட்டதில்லைன்னு தாங்களா சொல்லிக்கிட்டு வைத்தியத்துக்குப் போறவங்களைப் பத்தி ஒரு கட்டுரை வந்திருக்கு. அதுக்குக் கீழே கருத்துல முக்கால்வாசிப் பேர் "சுட்டுத் தள்ளணும்"னு எழுதியிருக்காங்க. அந்தக் கோபம் எனக்கும் வருதுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ரெண்டு பேத்திகளோட இருக்கிறவன் நான்.

ஆனா பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில இப்படிப்பட்டவங்களுக்கு வைத்தியம் பார்க்க 2005-ல் ஆரம்பிச்ச திட்டம், தப்பு நடக்கறதுக்கு முந்தியே தடுக்கத்தானுங்க. வெளிய சொல்லமாட்டாங்கங்கற நம்பிக்கையிலதான் ஆளுங்க வர்றாங்க. இங்க குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கிற போக்சோ சட்டத்தோட 19-ம் பிரிவுப்படி, குற்றம் நடக்கலாம்ங்கற அச்சம் இருந்தாலே போலீசுக்குச் சொல்லணும். குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு வேணும், சரி. ஆனா எதுவும் செய்யாத ஒருத்தன் உதவி கேட்டு வந்தா, டாக்டர் எதை அச்சம்னு எடுத்துக்குவார்? கட்டுரை இதைத் தொடவே இல்லை.

டிவிக்காரங்களுக்கு எண்ணமும் செயலும் ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே சிவப்பு எழுத்து. வெளிநாட்டுப் பத்திரிகைகள் சிலது நேரெதிரா, அவங்களைத் தியாகி மாதிரி காட்டுது. அதுவும் எனக்கு ஒப்பலைங்க. கட்டுப்படுத்திக்கிறது அவங்க கடமை, அதுக்கு மாலை எதுக்கு?

எங்க வீதியில ஒரு புள்ளைகிட்ட தப்பா நடந்தது சொந்த மாமன்காரன். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம்னேன். "பொண்ணு பேரு கெட்டுப்போயிருமுங்க"ன்னு பெரியவங்க கூடி அமுக்கிட்டாங்க. அவன் போன நோம்பிக்கும் வந்து பந்தியில உக்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போனான். அந்தப் பெரியவங்கள்ல ஒருத்தர்தான் நேத்து பேக்கரியில இந்தச் செய்தியைக் காட்டி, "இவனுங்களை எல்லாம் தூக்குல போடணும்"னாரு.