பருப்புத் தண்ணி வேண்டாம், பருப்பைக் கொடுங்கள்

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு எங்கள் பக்கத்து வீடுகளில் முதலில் கொடுப்பது பருப்புத் தண்ணி. குக்கரில் வெந்த துவரம்பருப்புக்கு மேலே தெளிந்து நிற்பதை இறுத்து, சிட்டிகை உப்பும் சீரகப்பொடியும் போட்டு, சங்கில் ஊற்றிப் புகட்டுவார்கள். அடியில் தங்கிய பருப்பு வீட்டுச் சாம்பாருக்குப் போய்விடும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தப் பருப்புதான் குழந்தைக்குப் போக வேண்டியது.

தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 முதல் 70 கலோரி வரை இருக்கிறது. தெளிந்த பருப்புத் தண்ணி அதன் பக்கத்தில்கூட வராது. குழந்தையின் வயிறோ சின்னது. எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்று கணக்குச் சொல்வார்கள். 7 கிலோ குழந்தைக்கு 200 மில்லி சொச்சம்தான். அதில் தண்ணியை நிரப்பிவிட்டால் பாலும் குறையும், சோறும் இறங்காது. "வயிறு நிறைஞ்சு தூங்கிட்டான்" என்று பாட்டி நிம்மதியாகச் சொல்வார். எடை மட்டும் மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அதைவிடப் பெரிய கவலை இரும்புச்சத்து. பிறக்கும்போது உடம்பில் இருந்த இருப்பு ஆறு மாத வாக்கில் தீர்ந்துகொண்டே வரும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இரும்புச்சத்து சிரப்பை வாரம் இருமுறை 1 மில்லி கொடுக்க வேண்டும் என்று அரசுத் திட்டமே இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள், தயங்காதீர்கள்.

"கெட்டியா கொடுத்தா மாந்தம் கட்டிடும்" என்று பெரியவர்கள் பயப்படுவது புரிகிறது. ஆனால் ஆறு மாதக் குழந்தைக்குக் குழைந்த சோறும் பருப்பும் செரிக்கும். பதம் பார்க்க எளிய வழி உண்டு: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் உணவு ஓடக் கூடாது, மெதுவாக நழுவ வேண்டும். சோற்றையும் பருப்பையும் குழைய வேகவைத்து, அரை ஸ்பூன் நெய் விட்டு, கையால் மசித்தால் அந்தப் பதம் வந்துவிடும். முதலில் இரண்டு மூன்று ஸ்பூன் போதும். நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். சுவரொட்டியில் இருக்கும் இரும்பு அபாரம்; ஈரல் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை, கொஞ்சமாக. சைவ வீட்டில் பருப்போடு முருங்கைக்கீரையை மசித்து, இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். உப்பு ஒரு வயது வரை வேண்டாம், சர்க்கரை இரண்டு வயது வரை வேண்டாம்.

கேழ்வரகுக் கஞ்சி கெட்டியாக இருந்தால் விழுங்கத் திணறுகிறது என்று தண்ணீர் ஊற்றி நீர்த்துவிடுகிறோம் இல்லையா, அதற்கு நம் பாட்டிகள் செய்த முளைகட்டிய மாவிலேயே விடை இருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, நிழலில் காயவைத்து அரைத்த மாவு. தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதி உண்டாகிறது. சாதா மாவில் கெட்டியாகக் கிளறிய கஞ்சியைக் கொஞ்சம் ஆறவிட்டு, இந்த மாவில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கிப் பாருங்கள். களி மாதிரி நின்றது சில நிமிடங்களில் இளகிவிடும். தண்ணீர் ஒரு சொட்டு சேர்க்கவில்லை, சத்து அப்படியே இருக்கும். அப்புறம் மறுபடி ஒரு கொதி விட்டு, ஆறவைத்து ஊட்டலாம்.

அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவையும் இதே கெட்டிப் பதத்தில் கிண்டுங்கள். அது மாட்டுக்குப் போவதை நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், வயிற்றெரிச்சலாக இருக்கும்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். எட்டு ஒன்பது மாதம் ஆனதும் மிக்ஸியை ஓரங்கட்டிவிட்டு, பருக்கை தெரிகிற மாதிரி பிசைந்து ஊட்டுங்கள். குழந்தை முகத்தைச் சுளித்து நாக்கால் வெளியே தள்ளினால் 'பிடிக்கவில்லை' என்று முடிவுகட்டி உடனே தண்ணிக் கஞ்சிக்குத் திரும்பாதீர்கள். இரண்டு நாள் விட்டு அதே உணவை மறுபடி கொடுங்கள்.