பத்மினியின் பாதத்தைக் காணோம்

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் கதையே நாதஸ்வரத்துக்கும் நாட்டியத்துக்கும் நடக்கும் போட்டிதான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு எச்டி சேனலில் போட்டார்கள். பத்மினி ஆடுகிறார், சலங்கைச் சத்தம் ஜல்ஜல்லென்று கேட்கிறது, சலங்கையை மட்டும் காணோம். கணுக்காலுக்கு மேலேயே படம் முடிந்துவிட்டது. கேமரா கொஞ்சம் நெருங்கினால் நெற்றிச்சுட்டியும் போச்சு. பரதநாட்டியத்தில் காலை வெட்டிவிட்டு எதைப் பார்க்கச் சொல்கிறார்கள்?

கேட்டால், “பழைய படம்னா அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு பதில். இதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழைய படம் அப்படி இல்லை ஐயா! கேமராவில் ஓடிய மூலச்சுருளான 35 எம்எம் நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்தால், எச்டி காட்டுவதைவிடக் கூடுதல் விவரமே அதில் தேறும். ஆனால் நெகட்டிவை யார் தேடிப் போகிறார்கள்? டப்பா டிவி காலத்தில் 4:3 அளவில் (அகலம் நாலு பங்கு, உயரம் மூணு பங்கு), 576 கிடைவரிகளில் பதிந்துவைத்த டேப்பைத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போதைய டிவி 16:9. அதை நிரப்ப அவர்களுக்குத் தெரிந்தது இரண்டே வழி. ஒன்று, பக்கவாட்டில் இழுப்பது. எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு குண்டாகிவிடுவார்கள், நிலா முட்டையாகிவிடும். இன்னொன்று, மேலும் கீழும் வெட்டுவது. காலும் தலையும் போவது இதில்தான். கால்வாசிப் படம் குப்பைக்கு. மிஞ்சுவது 432 வரி. அதை ஊதி ஊதி 1080 ஆக்கி, மூலையில் ‘எச்டி’ என்று முத்திரை வேறு!

ஸ்கோப் படங்களின் கதி இன்னும் மோசம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. திரையை அகலமாக்கியதே பார்ப்பவர் கண்ணை நிறைக்கத்தான். உயரத்தைப்போல 2.35 மடங்கான அந்த அகலத்தை டப்பா டிவிக்காக இருபக்கமும் வெட்டினால் மிச்சம் 57 சதவீதம். அதே டேப்பை இன்று 16:9-க்காக மேலும் கீழும் வெட்டினால் 43 சதவீதம்கூட இல்லை. இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவரின் மூக்கு மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்ப்பது இதனால்தான்.

அப்புறம் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று ஃபிலிமின் பொடிப்புள்ளிகளைத் துடைக்கிறார்கள். கூடவே முகத்தின் சுருக்கம், பட்டுப்புடவையின் நெசவு எல்லாம் துடைபட்டுப் போகிறது. ஆளுக்கு ஆள் மெழுகு பொம்மை மாதிரி நிற்கிறார்கள்.

இதில் நம் வீட்டு டிவியின் பங்கும் உண்டு. நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில், நடுவில் தானே பிரேம்களைக் கற்பனை செய்து செருகி வழவழவென்று ஆக்கிவிடும். எம்.ஜி.ஆர் கத்திச்சண்டை நேற்று எடுத்த சீரியல் மாதிரி தெரிகிறதா? அதுதான். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்து மெனுவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. மாமா வீட்டில் அதைத் தேடிப்பிடித்து அணைத்தேன். “என்ன மாப்ள, படம் விட்டு விட்டு ஓடுது” என்று உடனே பழையபடி மாற்றச் சொல்லிவிட்டார்.

சேனல்காரர்களும் இந்த மாதிரி மாமாக்களைத்தான் கைகாட்டுவார்கள். ‘ஐம்பத்தைந்து இஞ்ச் வாங்கியது கறுப்புப் பட்டையைப் பார்க்கவா?’ என்று சண்டைக்கு வருகிறார்களாம். சரி, வரட்டுமே. இரண்டு ஓரத்திலும் கறுப்பு விட்டு முழுப்படத்தையும் காட்டினால் என்ன குடி முழுகிவிடும்? காலி இடம் உறுத்துகிறதென்றால், இப்போது நடிகர்களின் வாய்மேல் ஓட்டும் விளம்பரத்தை அங்கே ஓட்டித் தொலையுங்கள். அதுவும் முடியாதென்றால், பழைய படம் ஓடும் மூன்று மணி நேரத்துக்காவது எச்டி-க்கு வாங்கும் கூடுதல் காசைக் கழித்துக்கொடுங்கள்.